நண்டு கொடுத்த வீட்டு ஓமம்

என் மகன் சாப்பிட்டு எழுந்து வயிற்றைத் தடவிக்கொண்டால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. "இன்னாடா?" என்று கேட்டுவிடுகிறேன். "ஒண்ணுமில்ல நைனா, வயிறு ரொம்பிடுச்சு" என்கிறான். அவன் சொன்னதை நம்புகிறேன். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, வேறு வேலையாகப் போவதுபோல அவன் பக்கம் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் மறந்துவிட்டான். அவன் அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குத்தான் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்மேட்டில் இருக்கிறது. கடைக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் படகில் ஏரியைக் கடந்து டவுனுக்குப் போக வேண்டும். நானும் மீனவன் வீட்டுப் பிள்ளைதான். பி.காம். படித்துவிட்டு, காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கம்பெனியில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் தெருவில் மாதச் சம்பளக்காரன் நான் ஒருவன்தான். அதனால் தெருவில் எனக்கு ஒரு பதவி உண்டு. பிள்ளைகளுக்கு வயிறு வலித்தால் தடவிவிடுகிற பதவி.

வலை இழுக்கிறவர்களின் உள்ளங்கையில் நைலான் கயிறு அறுத்த தழும்பும் உப்பில் ஊறிய காய்ப்பும் இருக்கும். அந்தக் கையை வயிற்றில் வைத்தால் பிள்ளை வலியை விட்டுவிட்டுக் கைக்காக அழும். கருவாடு காயவைக்கிற பெண்களின் கையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிறு உப்பினாலும் என் மடியில் கொண்டுவந்து போடுவார்கள். என் மனைவியின் அண்ணன் இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. அவர் ஏரியில் இறால் வலை போடுகிறவர். துறைமுகம் வந்த பிறகு மீன் குறைந்துவிட்டது என்ற கோபம் அவருக்கு உண்டு. அந்தக் கோபத்தை என்மேல் கிண்டலாகத்தான் காட்டுவார்.

"தொறமொகம் நம்ம மீனெல்லாம் தொரத்திடுச்சு. மாப்ள கைய மட்டும் பன்னு மாதிரி வச்சினுகீது" என்பார்.

வைத்தியம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓமத்தை வெறும் சட்டியில் வறுப்பார்கள். பொரிந்து, தொண்டையைத் திறக்கிற அந்த வாசனை வந்ததும் பாதியை எடுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டுவார்கள். மீதியில் தண்ணீர் ஊற்றிக் கல்லுப்புப் போட்டுச் சுண்டவைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். முடிச்சால் நான் தொப்புளைச் சுற்றி ஒத்தடம் கொடுப்பேன். பிறகு வெறுங்கையால் தடவுவேன். அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்துவிடுவார்கள். சோறு வடிப்பதற்குள் காற்று பிரிய வேண்டும். ஏப்பமாக வந்தாலும் சரி, கீழே போனாலும் சரி. பிரிந்தால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். பிரியவில்லை என்றால் படகைத் தள்ள வேண்டும்.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. மீனோ நண்டோ இறாலோ, எங்கள் தெருவில் கொடுத்து வாங்கித்தான் சாப்பிடுகிறோம். ஒரு வீட்டில் கொடுத்ததைத் தின்று ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால், கொடுத்த வீட்டிலிருந்துதான் ஓமம் வர வேண்டும். தன் வீட்டு டப்பாவில் ஓமம் நிறைய இருந்தாலும் தொட மாட்டார்கள். இதை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. இதனால் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சண்டை தீர்ந்து பார்த்திருக்கிறேன். கையில் ஓமத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஒருத்தி வாசலில் வந்து நின்றால் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் மச்சான் ஏரி நண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். உயிரோடு, கொடுக்கைக் கயிற்றால் கட்டி. பையனுக்கு நண்டென்றால் உயிர்.

"மாமா, அந்தப் பெரிய கொடுக்கு எனக்கு."

"துன்றா. ஏரிய பாதி உங்க நைனா கம்பெனிக்காரன் துன்னுட்டான். மீதி கீறத நீ துன்னு."

தின்றான். காலையில் நான் வெளியே வந்தபோது மணலில் குத்தவைத்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நைனா, தொப்புளாண்ட வலிக்குது."

ஒரு தடவை வாந்தியும் எடுத்திருந்தான். மண்ணைத் தள்ளி மூடியிருந்தான், அம்மா திட்டுவாள் என்று. பக்கத்து வீட்டு அக்கா கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தவள் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். எங்கள் ஊரில் வயிற்று வலிக்கு முதல் கேள்வி எங்கே வலிக்கிறது என்பதல்ல.

"ராத்திரி இன்னாடா துன்ன?"

"நண்டு."

"உங்க மாமன் வூட்டு நண்டா? எத்தினி துன்ன?"

பையன் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

"சரிதான். அப்ப அங்கருந்து ஓமம் வரட்டும்."

அங்கே யாரும் இல்லை. மச்சானின் மனைவி மீன் விற்க டவுனுக்குப் போயிருந்தாள். மச்சான் ஏரியில் இருந்தார். அன்று அவர்களுக்குப் பாடு, அதாவது ஏரியில் அந்த இடத்தில் வலை போட அவர்களுடைய முறை. முறை விட்டால் அடுத்தது எப்போதோ. போன் செய்தேன். போனைப் பாலித்தீன் பையில் சுற்றிப் படகின் மூலையில் வைத்திருப்பார், எடுக்கவில்லை.

என் மனைவி உள்ளே போய் எங்கள் டப்பாவை எடுத்தாள். அக்கா வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"இன்னாடி பண்ற? உங்கண்ணன் குட்த்த நண்டுக்கு உன் வூட்டு ஓமம் கேக்குமா? வந்து கேட்டா அவனுக்கு மனசு நோவாது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மச்சான் வருகிறாரா என்று ஏரிப் பக்கம் பார்த்தேன். டப்பா திரும்ப அலமாரிக்குப் போனது. அந்தக் காட்சியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டப்பாவை வைத்துவிட்டு அவள் கை அதன் மூடிமேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவள் அண்ணனை நினைத்தாள், அக்கா வழக்கத்தை நினைத்தாள், நான் நண்டை நினைத்தேன். பையன் மணலில் உட்கார்ந்திருந்தான்.

மச்சான் கரைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் இறாலைக் கூடையோடு அப்படியே போட்டுவிட்டு ஓடினார். திரும்பி வரும்போது கையில் செய்தித்தாளில் மடித்த ஓமம் இருந்தது. ஈரக் கையில் தாள் நனைந்து கிழிந்து, ஓமம் அவர் விரல்களில் ஒட்டியிருந்தது.

"எங்க நண்டா மாப்ள? உசுரோட தான குட்த்தேன். கால ஆட்டிக்கினு கெடந்துச்சே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். நெறைய துன்னுட்டான்."

ஓமம் பொரிந்தது. வீடு முழுக்க அந்த வாசனை. பக்கத்து அடுப்பில் என் மனைவி உலை வைத்தாள். பையன் ஓமத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தான். பாயில் படுக்கவைத்தேன். முடிச்சால் தொப்புளைச் சுற்றி ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தேன். மச்சான் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

"டேய், ஒரே ஒரு குசு வுடுறா. மாமா உன்ன எஞ்சின் ஓட்ட வுடறேன்."

பையன் சிரிக்கப் பார்த்தான். சிரித்தால் வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"வெக்கப்படாதடா, நாங்கள்லாம் வுடாததா? உங்க நைனா ஆபீஸ்ல ஏசி ரூம்ல வுடறாரு" என்றாள் அக்கா.

முடிச்சை வைத்துவிட்டு வெறுங்கையால் தடவினேன். எத்தனையோ குழந்தைகளின் வயிற்றை என் கை அறியும். காற்று நிறைந்த வயிறு உப்பியிருக்கும். ஆனால் அமுக்கினால் இடம் கொடுக்கும். உள்ளே எங்கேயோ தண்ணீர் ஓடுவதுபோல ஒரு சத்தம் கையில் வந்து தட்டும். பிள்ளை முதலில் நெளியும், பிறகு வயிற்றை நம் கையில் விட்டுவிடும். அந்த விடுதல் வந்ததும் எனக்குத் தெரிந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏப்பம் வரும் என்று. அன்று அது வரவில்லை. உள்ளே சத்தமே இல்லை. தொப்புளிலிருந்து கை வலது பக்கம் கீழே இறங்கியபோது வயிறு பலகைபோல இருந்தது. பையன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தள்ளவில்லை, பிடித்துக்கொண்டான். வலது முழங்கால் தானாக மடங்கி மேலே வந்தது.

"வாணாம் நைனா" என்றான். கெஞ்சுகிற குரல்கூட இல்லை. மெதுவாக, எனக்கு ஏதோ தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னான்.

நான் எழுந்தேன். "படக எடுங்க மச்சான்."

"இன்னொரு வாட்டி தண்ணி குட்த்துப் பாக்கலாமே" என்றாள் அக்கா.

"சோறு இன்னும் வடிக்கலயே" என்றாள் என் மனைவி. அவளுக்கும் பயம் வந்துவிட்டது. பயம் வந்ததால்தான் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

"அடுப்ப அணை" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

அது ஏரியில் தண்ணீர் வற்றுகிற காலம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. பாதி வழியில் படகின் அடி சேற்றில் உரசியது. மச்சான் எஞ்சினைத் தூக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். கூட வந்த அக்காவின் கணவரும் இறங்கினார். முழங்கால்வரை சேற்றில் நின்று தள்ளினார்கள். பையன் தலை என் மடியில். நானும் இறங்கப் போனேன்.

"நீ இன்னாத்துக்கு எறங்கற? உன் கை எங்க இருக்கணுமோ அங்க இருக்கட்டும். புள்ளய புடி" என்று கத்தினார் மச்சான்.

அவர் கிண்டல் செய்யவில்லை. நான் கையை அவன் நெற்றியில் வைத்துக்கொண்டேன். வயிற்றில் வைக்கத் தைரியமில்லை. என் மனைவி அவன் பாதங்களைப் புடவை முந்தானைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் கண்ணை இறுக மூடினான். டவுன் கரை எதிரே தெளிவாகத் தெரிந்தது. அங்கே நிற்கிற ஆட்டோக்கள், டீக்கடைப் புகை எல்லாம் தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்ததே தவிரப் பக்கத்தில் வரவில்லை.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா அவன் வயிற்றில், என் கை நின்ற அதே இடத்தில், விரலால் அமுக்கிச் சட்டென்று எடுத்தார். அவன் கத்தினான். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். குடல்வால் வீங்கியிருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டர் கேட்டார், கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று. ஓமத் தண்ணீர் என்றேன். ஒத்தடம் கொடுத்ததையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"ஓமம் இதுக்கு உதவாது. இந்த வலிக்கு ஒத்தடம் குடுக்கவும் கூடாது. இனிமே வலி வலது பக்கம் எறங்கினா எதுவும் குடுக்காம நேரா வாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ. "வந்துட்டீங்க இல்ல. இன்னும் வெடிக்கல. பாத்துக்கறோம்."

இன்னும் வெடிக்கவில்லை. இந்த இரண்டு சொற்கள் எனக்குள் எங்கேயோ இன்னும் இருக்கின்றன. பஸ்ஸில், ஆபீஸில், பல் தேய்க்கும்போது வந்துவிடும்.

ஆபரேஷன் சாயங்காலமே நடந்தது. அது நடந்த நேரத்தை என்னால் எழுத முடியவில்லை. என் மனைவி நடைபாதையில் தரையில் உட்கார்ந்து சுவரையே பார்த்திருந்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மச்சான் கால் சேறு காய்ந்து வெள்ளையாகி, அந்த வழவழப்பான தரையில் நின்ற இடத்திலெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நண்டாலயா மாப்ள?"

"இல்ல மச்சான். நண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. டாக்டரே சொன்னாரு."

"இல்ல, நண்டு ஓடு கிடு போய் மாட்டிக்கிச்சா?"

"இல்ல மச்சான்."

நடைபாதையின் கோடிவரை நடந்துவிட்டு வருவார். மறுபடியும், "பெரிய கொடுக்க நான்தான எடுத்து குட்த்தேன்" என்பார்.

பையன் கண் விழித்ததும் தண்ணீர் கேட்டான். கொடுக்கக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தோம். மறுநாள் காலையில் நர்ஸ் வந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சுதான். கட்டைப் பார்த்துவிட்டு, பையனிடம் சாதாரணமாகக் கேட்டார்:

"இன்னா தம்பி, காத்து பிரிஞ்சுதா?"

நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம். காற்று பிரிந்தால்தான் தண்ணீர், பிறகு கஞ்சி. ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. அடுப்பும் உலையும்தான் இல்லை.

பையன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இல்ல" என்று நான் சொன்னேன். நர்ஸ் ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். குப்பத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கரைக்குத் திரும்பிப் போயிருந்த மச்சான் ஹலோகூடச் சொல்லாமல், "வுட்டானா?" என்பார். "இன்னும் இல்ல" என்றால் அந்தப் பக்கம் யாரிடமோ திரும்பி, "இன்னும் இல்லியாம்" என்பார். பின்னால் நிறையப் பேர் நிற்பது கேட்கும். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு, "உலை சோத்த நான் வடிச்சிட்டேன்டி, கொழஞ்சி போச்சு, வாத்துக்குப் போட்டேன்" என்று என் மனைவியிடம் சொன்னாள். அப்போதுதான் அவள் முதல்முறையாக அழுதாள். சோறு குழைந்ததற்காகத்தான் அழுதாள் என்று அக்கா நினைத்திருப்பாள்.

மத்தியானம் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்த ஓம முடிச்சு. நான் பாயோரம் வைத்துவிட்டு வந்ததை எப்போது எடுத்தாளோ தெரியாது. நான் அவள் கையைத் தடுத்துப் பிடித்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? ஒண்ணும் குடுக்கக் கூடாது, ஒத்தடமும் கூடாது."

"யாரு குடுக்கறாங்க? மோந்து பாக்கட்டும். மோந்து பாக்கக் கூடாதுனு சொன்னாரா?"

முடிச்சை உள்ளங்கையில் கசக்கி அவன் மூக்கருகே பிடித்தாள். வாசனை இன்னும் இருந்தது. அவன் கண்ணை மூடி மெல்ல இழுத்தான்.

"வூடு மாதிரி கீது" என்றான்.

ஓமம் செய்ததா, அதற்கான நேரம் வந்ததா என்று என்னைக் கேட்டால் நேரம் வந்தது என்றுதான் சொல்வேன். என் மனைவியிடம் நான் அதைச் சொன்னதில்லை. அன்று சாயங்காலம், பார்வையாளர்கள் நிறைந்திருந்த வேளையில், அந்த வார்டே கேட்கும்படியாக அது வந்தது. பிறகு எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவர் கைதட்டினார். பையன் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு அழுதான். பிறகு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தமும் வந்தது. நர்ஸ் வாசலிலிருந்தே, "கேட்டுச்சு கேட்டுச்சு, தண்ணி குடுங்க" என்றார்.

மச்சானுக்குப் போன் செய்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை. "இன்னா மாப்ள? இன்னா ஆச்சு? சொல்லு" என்று அவர் பதறினார். என் மனைவி போனை வாங்கி, "வுட்டுட்டாண்ணா" என்றாள். அந்தப் பக்கம் எழுந்த சத்தம் பக்கத்துக் கட்டில்வரை கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு விஷயங்கள் நின்றுபோயின. தெருக் குழந்தைகளை என்னிடம் கொண்டுவந்தால் நான் கை வைப்பதில்லை. என் கை நடுங்கும். அதைப் பார்த்தால் தாய்மார்கள் பயந்துவிடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்பேன், குதித்தால் வலது பக்கம் வலிக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன், கொஞ்சம் சந்தேகமென்றாலும் டவுனுக்குப் போகச் சொல்வேன். "வயித்துக்காரு ரிட்டயர் ஆய்ட்டாரு" என்று பேச்சு. இன்னொன்று, மச்சான் எங்கள் வீட்டுக்கு நண்டு கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். மீன் கொடுப்பார், இறால் கொடுப்பார். நண்டு மாட்டினால் எங்கள் வாசலைத் தாண்டி, கூடையை மறுபக்கமாகப் பிடித்துக்கொண்டு போவார்.

பையன் பொறுத்துப் பார்த்தான். போன மாதம் ஒரு நாள் அவனே அவர் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறான்.

"மாமா, டாக்டர் எல்லாம் துன்னலாம்னு சொல்லி எவ்ளோ நாளாச்சு. நண்டு குடுப்பியா மாட்டியா?"

அன்று சாயங்காலம் மச்சான் வந்தார். ஒரு கையில் கட்டிய நண்டுகள். இன்னொரு கையில், இந்த முறை காய்ந்த தாளில், மடித்த ஓமம்.

"இன்னாண்ணா, இன்னும் ஆக்கவேயில்ல, அதுக்குள்ள ஓமமா?" என்றாள் என் மனைவி.

"ரெண்டும் ஒண்ணாவே இர்க்கட்டும்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. இனி தன் நண்டு எங்கே போனாலும் ஓமமும் கூடப் போகும் என்று முடிவு செய்திருந்தார். அன்று டப்பா மூடிமேல் தங்கையின் கை இருந்ததை அவர் பார்க்கவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பையன் பெரிய கொடுக்கை எடுத்துக்கொண்டான். நான் சாப்பிடவில்லை, அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தின்று முடித்ததும், நான் எதிர்பார்த்ததுபோலவே, வயிற்றைத் தடவினான்.

"இன்னாடா?" என்றேன்.

"ரொம்பிடுச்சு. உப்பசமா கீது."

"எங்க? வலது பக்கமா?"

"ஐயோ நைனா." எழுந்து வந்து என் முன்னால் பாயில் மல்லாந்து படுத்தான். சட்டையைத் தூக்கினான். தழும்பு இப்போது வெளிறிவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொப்புள்மேல் வைத்தான். "நீயே பாத்துக்க."

ஒரு வயிற்றில் கை வைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மெதுவாகச் சுற்றினேன். வலது பக்கம் இறங்கும்போது நிறுத்தினேன். அவன் காலை மடக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. விரலுக்கடியில் வயிறு மெத்தென்று இடம் கொடுத்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் ஓடுகிற அந்தச் சத்தம் வந்து என் உள்ளங்கையில் தட்டியது. மச்சான் கதவோரம் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

நீளமாக ஒரு ஏப்பம் விட்டான், நண்டு வாசனையோடு.

"வந்துடுச்சு மாமா" என்றான் மச்சானைப் பார்த்து. "இன்னாத்துக்கு அங்கியே நிக்கற? போய் எல்லார்க்கும் போன் பண்ணி சொல்லு."

அவர் சிரித்தார், என் மனைவி சிரித்தாள். "போதும் நைனா, கைய எடு" என்றான் பையன். நான் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.